மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு தூரிகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவில் அப்டேட்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். காலையில் படம் வரையும் மென்பொருளைத் திறந்தால், பல ஆண்டுகளாகச் சேர்த்த தூரிகைகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அல்லது எல்லாம் இருக்கின்றன, கோடு மட்டும் பழையபடி விழுவதில்லை. இரண்டுமே எனக்கு நேர்ந்திருக்கின்றன. நண்பர்களும் மாணவர்களும் இதுபற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தூரிகையைப் பறிகொடுத்தவர்கள் முதல் பதிலை முழுதாகப் படித்த பிறகு மவுஸைத் தொடுங்கள். அப்டேட்டால் போவதைவிடப் பதற்றத்தில் நாமே அழிப்பதுதான் அதிகம்.

அப்டேட் செய்ததும் என் தூரிகைகள் எல்லாம் காணாமல் போய்விட்டன. அழிந்தேவிட்டனவா?

பெரும்பாலும் அழிந்திருக்காது. பெரிய பதிப்பு மாறும்போது பல மென்பொருள்கள் பக்கத்திலேயே புது வீடு கட்டிக் குடிபோய்விடுகின்றன. சாமான்கள் பழைய வீட்டிலேயே கிடக்கும். போட்டோஷாப் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் அந்த ஆண்டைப் பெயரில் சேர்த்துத் தனியாக ஓர் அமைப்புக் கோப்புறை வைத்துக்கொள்கிறது. விண்டோஸில் அது உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் அடோபி என்ற வரிசையில் இருக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி முதலில் விண்டோஸிடம் சொல்ல வேண்டும். மேக்கில் பயனரின் லைப்ரரிக்குள் பிரிஃபரன்சஸ் என்ற கோப்புறையில் தேடுங்கள். அமைப்புக் கோப்புறைக்குள் பிரஷ்சஸ் என்ற பெயரில் பிஎஸ்பி வகைக் கோப்பு ஒன்று இருக்கும். பேனலில், அதாவது தூரிகைகளை அடுக்கிக் காட்டும் பலகையில், நீங்கள் பார்த்துவந்த தொகுப்பு அதற்குள்தான் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பழைய கோப்புறையை அப்படியே நகலெடுத்து வேறொரு டிரைவில் வையுங்கள். அதுவரை எதையும் நீக்க வேண்டாம், ரீசெட் செய்ய வேண்டாம், மீண்டும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். நகல் கையில் வந்த பிறகு, புதிய பதிப்பின் எடிட் மெனுவில் பிரீசெட்ஸ் என்ற பகுதிக்குப் போனால், முந்தைய பதிப்பிலிருந்து பிரீசெட்களை, அதாவது சேமித்துவைத்த தயார் அமைப்புகளை, இடம்மாற்றும் கட்டளை இருக்கும். பழைய பதிப்பு இன்னும் கணினியில் இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு: அதைத் திறந்து, தூரிகைகளைத் தேர்ந்தெடுத்து, பேனல் மெனு வழியாக ஏபிஆர் (போட்டோஷாப்பின் தூரிகைக் கோப்பு வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து, புதியதில் இறக்குமதி செய்யுங்கள். நான் எப்போதும் இந்த இரண்டாவது வழியைத்தான் பின்பற்றுகிறேன். எது வந்தது, எது வரவில்லை என்று கண்ணால் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். போகிற போக்கில் ஒரு பேக்கப்பும் கிடைத்துவிடுகிறது.

பழைய பதிப்பை ஏற்கெனவே நீக்கிவிட்டேனே?

மென்பொருளை நீக்கினாலும் அமைப்புக் கோப்புறை தங்கியிருக்க வாய்ப்பு இருக்கிறது. நீக்கும்போது விருப்பத்தேர்வுகளையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அதற்கு நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், கோப்புகள் அங்கேயே இருக்கும். அழித்திருந்தால் மேக்கின் டைம் மெஷின், விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி, கிளவுடில் உள்ள பழைய நகல்கள், மற்றொரு கணினி என்று வரிசையாகத் தேடுங்கள். கணினி முழுவதும் ஏபிஆர் என்ற நீட்சியைப் போட்டுத் தேடிப் பார்ப்பதும் பயன்தரும். டவுன்லோட்ஸ் கோப்புறையின் அடியில் மறந்துபோன சிப் கோப்புகள் அகப்படும். விலை கொடுத்து வாங்கிய தூரிகைகளுக்கு, வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பை மறுபடி திறந்து பாருங்கள்.

தூரிகைகள் இருக்கின்றன. ஆனால் கோடு பழைய மாதிரி விழவில்லை. என் கைதான் கெட்டுவிட்டதா?

உங்கள் கையைச் சந்தேகிக்க வேண்டாம். இந்தக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். தூரிகை என்றால் திரையில் தெரியும் அந்தச் சிறிய படம் மட்டும் அல்ல. நுனியின் வடிவம், அது பதியும் இடைவெளி, மேலே படியும் இழைநயம் (டெக்ஸ்ச்சர்), பேனாவின் அழுத்தத்துக்கு அது தரும் பதில், கையின் நடுக்கத்தைச் சமன்செய்யும் அளவு, இவற்றுக்கெல்லாம் அடியில், பேனாவால் வரையும் பலகையான டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கோடு பிறக்கிறது. இதில் ஒன்று மாறினாலும் கோடு மாறும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு படக்கதைக்குப் பாதிப் பக்கங்கள் மை போட்டு முடித்திருந்தேன். மயிரிழையாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி இழையாக முடிகிற ஒரு மைத்தூரிகை அது. அப்டேட்டுக்கு மறுநாள் அதே தூரிகையில் இழுத்த கோடுகள் எல்லாம் ஆணியின் தலைபோல மழுங்கி முடிந்தன. மென்பொருளைத் திட்டிக்கொண்டே மூன்று பக்கங்களைத் திரும்ப வரைந்தேன். பிறகுதான் தெரிந்தது, அதே இரவில் டேப்லெட்டின் டிரைவரும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. பேனாவின் நுனி எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்று நான் வைத்திருந்த அழுத்த வளைவு தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கிறது. தூரிகையில் ஒரு எண்கூட மாறியிருக்கவில்லை. அன்றிலிருந்து டிரைவரின் அமைப்புகளையும் தூரிகைகளோடு சேர்த்துத்தான் பேக்கப் எடுக்கிறேன்.

ஆகவே தேடுதலைக் கீழிருந்து மேலாகத் தொடங்குங்கள். முதலில் டிரைவர். அடுத்தது, விண்டோஸ் கணினிகளில் பேனாவின் அழுத்தம் மென்பொருளுக்குப் போய்ச்சேரும் பாதை. வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு பாதைகள் உண்டு. டிரைவர் ஒன்றைப் பயன்படுத்த, மென்பொருள் மற்றதை எதிர்பார்த்தால் அழுத்தம் வந்துசேராது. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் விழும். கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் ஆகிய ஓவிய மென்பொருள்களில் எந்தப் பாதை வேண்டும் என்பதை டேப்லெட் அமைப்புகளில் நாமே தேர்ந்தெடுக்கலாம். போட்டோஷாப்பின் பிரஷ் செட்டிங்ஸ் பேனலில் 'பென் பிரஷர்' என்ற தேர்வுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறியோடு சிறிய முக்கோணம் தெரிந்தால், அழுத்தம் உணரும் கருவி எதையும் அது கண்டுகொள்ளவில்லை என்று பொருள். பலர் இந்த முக்கோணத்தைக் கவனிப்பதே இல்லை. அதைப் பார்த்திருந்தால் அரை நாள் தேடலை மிச்சப்படுத்தலாம்.

மூன்றாவது, சமன்செய்தல். போட்டோஷாப்பில் 2017 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ஸ்மூதிங் என்ற அளவுகோல் 0 முதல் 100 வரை இருக்கிறது. கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வருவதுபோலத் தோன்றினால் அந்த எண்ணைப் பாருங்கள். 0 என்று வைத்தால் அதற்கு முந்தைய பதிப்புகளின் இயல்பு திரும்பும்.

நான்காவது, இடைவெளி. தூரிகையின் கோடு என்பது நெருக்கமாகப் பதிக்கப்பட்ட முத்திரைகளின் வரிசை. நுனியின் விட்டத்தில் இத்தனை விழுக்காட்டுக்கு ஒரு முத்திரை என்று கணக்கு. நீங்கள் 4 என்று வைத்திருந்தது 25 ஆகிவிட்டால், பெரிதாக்கிப் பார்க்கும்போது கோட்டின் விளிம்பு வழவழப்பாக இல்லாமல், அடுக்கி வைத்த காசுகளின் ஓரம்போல மேடும் பள்ளமுமாகத் தெரியும். 200 விழுக்காடு பெரிதாக்கி ஒரே ஒரு கோட்டைப் பாருங்கள். காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. தூரிகை அளவு பிக்சலில் இருக்கிறது. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 பக்கம் 2480-க்கு 3508 பிக்சல்; அதுவே 150 டிபிஐ என்றால் 1240-க்கு 1754. முதல் பக்கத்தில் மெல்லியதாக விழுந்த 40 பிக்சல் தூரிகை இரண்டாவதில் இருமடங்கு தடிப்பாகத் தெரியும். புதிய பதிப்பில் புதிய கோப்பைத் திறந்து, அளவைக் கவனிக்காமல் அப்டேட்டைக் குறைசொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எது மாறியது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நினைவை நம்பலாமா?

நம்பக்கூடாது. மாதிரித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வெற்றுப் பக்கத்தில், அடிக்கடி பயன்படுத்தும் ஒவ்வொரு தூரிகைக்கும் ஒரு வரி ஒதுக்குகிறேன். அதில் மெல்ல அழுத்தி ஒரு கோடு, பலமாக அழுத்தி ஒரு கோடு, மெல்லத் தொடங்கிப் பலமாகி மறுபடி மெலியும் ஒரு கோடு, கடைசியில் ஒரு ‘ழ’. நேர்கோடு, வளைவு, திருப்பம், கீழே இறங்கும் கொக்கி எல்லாம் ஒரே எழுத்தில் வந்துவிடுவதால் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான எழுத்து எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் தூரிகையின் பெயர், அளவு, மென்பொருள் பதிப்பு, தேதி. அப்டேட்டுக்குப் பிறகு அதே தாளில் ஒரு புதிய லேயர் (படத்தின் மேல் விரிக்கும் வெற்று அடுக்கு) போட்டு, அந்தந்தக் கோடுகளுக்குக் கீழே திரும்ப வரைகிறேன். வேறுபாடு எங்கே என்று உடனே தெரியும். கொக்கியின் முனையில் வித்தியாசம் என்றால் முதலில் அழுத்தத்தைப் பார்க்கிறேன். வளைவில் என்றால் சமன்செய்தலை. கோட்டின் சொரசொரப்பில் என்றால் இழைநயத்தை.

போட்டோஷாப்பில் பேனல்களின் பெயர்களே மாறியிருக்கின்றன. பழைய தூரிகைகள் எங்கே?

நெடுநாளாகப் பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டுத் தாவியவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். மேலே சொன்ன 2017 பதிப்பில், முன்பு பிரஷ் என்று இருந்த பேனல் பிரஷ் செட்டிங்ஸ் ஆனது. பிரஷ் பிரீசெட்ஸ் என்று இருந்தது பிரஷ்சஸ் ஆனது. தூரிகைகளைக் கோப்புறைகளாக அடுக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது. முன்பு கூடவே வந்த தூரிகைகள் வேண்டுமென்றால் பிரஷ்சஸ் பேனலின் மெனுவில் லெகசி பிரஷ்சஸ் என்று இருக்கும், அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டூல் பிரீசெட் என்று டிபிஎல் கோப்புகளாகச் சேமித்து வைத்தவர்கள் அவற்றைத் தூரிகை பிரீசெட்டாக மாற்றிக்கொள்ள முடியும். புதிதாக ஒரு தூரிகையைச் சேமிக்கும்போது அளவு, கருவி அமைப்புகள், நிறம் ஆகியவற்றையும் சேர்க்கவா என்று கேட்கும் கட்டங்களைப் படித்துப் பாருங்கள். குறிப்பாகக் கருவி அமைப்புகள். அதை விட்டுவிட்டால் ஒளிபுகும் தன்மை, கலப்பு முறை போன்றவை தூரிகையோடு சேர்ந்து வராது. பிறகு தூரிகை கெட்டுவிட்டது என்று தோன்றும்.

நேற்று உருவாக்கிய தூரிகை இன்று இல்லை. இத்தனைக்கும் அப்டேட்கூடச் செய்யவில்லை.

இடையில் மென்பொருள் திடீரென்று நின்றுபோனதா? போட்டோஷாப் தன் தூரிகைத் தொகுப்பை முறையாக மூடும்போதுதான் வட்டில் எழுதுகிறது. பாதியில் விழுந்துவிட்டால் அன்று உருவாக்கியவை போய்விடும். புதிய பதிப்பின் முதல் சில வாரங்களில் இப்படி விழுவது அதிகம் என்பதால், தூரிகையை உருவாக்கிய கையோடு ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ரீசெட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

அமைப்புகள் குழம்பும்போது அது நல்ல மருந்துதான். விண்டோஸில் போட்டோஷாப் திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் அமைப்புக் கோப்பை அழிக்கவா என்று கேட்கும். ஆனால் தனியாக ஏற்றுமதி செய்யாத தூரிகைகளும், பதிவுசெய்த கட்டளைத் தொடர்களான ஆக்‌ஷன்களும் அதோடு போய்விடக்கூடும். பேக்கப் இல்லாமல் இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லாதீர்கள்.

கிரிட்டாவில் ஒரு தூரிகையைத் தவறுதலாக நீக்கிவிட்டேன்.

2021 டிசம்பரில் வந்த கிரிட்டா 5.0-இல் வளங்களைக் கையாளும் முறையே மாற்றி எழுதப்பட்டது. தூரிகைகள், நுனிகள், இழைநயங்கள், குறிச்சொற்கள் ஆகியவற்றின் பட்டியல் இப்போது ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அதனால் நீக்கு என்று சொன்னாலும் தூரிகை பார்வையிலிருந்து மறைக்கப்படுகிறதே தவிர அழிவதில்லை. வளங்களை நிர்வகிக்கும் சாளரத்தில் நீக்கியவற்றையும் காட்டும்படி கேட்டால் வெளியே வரும், மீட்டுக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

கிரிட்டாவில் ஒரு தூரிகை என்பது கேபிபி கோப்பு. உள்ளே அது பிஎன்ஜி படம்தான். அமைப்புகள் அந்தப் படத்துக்குள் பொதிந்திருக்கும். நுனியும் இழைநயமும் தனிக் கோப்புகளாக இருக்கலாம் என்பதால், பிறருக்குக் கொடுக்கும்போதும் பேக்கப் எடுக்கும்போதும் எல்லாவற்றையும் சேர்த்து பண்டிலாகக் கட்டுவதே பாதுகாப்பு.

ஜிம்ப் மென்பொருளின் 3.0 பதிப்புக்கு மாறினேன். 2.10-இல் சேர்த்த தூரிகைகள் என்ன ஆகும்?

2025 மார்ச்சில் வந்த 3.0 தனக்கென்று புதிய கோப்புறை வைத்துக்கொள்கிறது, 2.10-இன் கோப்புறை அப்படியே இருக்கும். அதற்குள் பிரஷ்சஸ் கோப்புறையில் உள்ள ஜிபிஆர், ஜிஐஎச், விபிஆர் கோப்புகளைப் புதியதில் நகலெடுத்து வைத்தால் போதும். இன்னும் நல்ல வழி, தூரிகைகளை உங்களுடைய சொந்தக் கோப்புறை ஒன்றில் வைத்து, விருப்பத்தேர்வுகளில் கோப்புறைகள் பகுதியில் அதன் முகவரியைச் சேர்ப்பது. பதிப்பு எத்தனை மாறினாலும் தூரிகைகள் உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். எல்லா மென்பொருளிலும் இந்த வசதி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஐபேடில் புரோகிரியேட் சரியாக ஓடவில்லை. நீக்கிவிட்டு மறுபடி போடலாமா?

கூடாது, கூடவே கூடாது. செயலியை நீக்கினால் பேக்கப் எடுக்காத தூரிகைகளோடு ஓவியங்களும் சேர்ந்து போகும். முதலில் ஒவ்வொரு தொகுப்பையும் பிரஷ்செட் கோப்பாகப் பகிர்ந்து ஐபேடுக்கு வெளியே சேமியுங்கள், ஓவியங்களையும் அப்படியே. இடம் போதவில்லை என்பதுதான் சிக்கல் என்றால், ஐபேட் அமைப்புகளில் செயலியை மட்டும் இறக்கிவைத்துத் தரவை விட்டுவைக்கும் ஆஃப்லோட் வசதி தனியாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தூரிகையை நோண்டிப் பார்க்கப் பயப்படுபவர்களுக்கு இதில் அருமையான வசதி ஒன்று உண்டு. தூரிகையின் அறிமுகப் பகுதியில் ஒரு மீட்புப் புள்ளியை நீங்களே வைக்கலாம். பிறகு எவ்வளவு மாற்றினாலும் அந்த இடத்துக்குத் திரும்பலாம்.

கிளிப் ஸ்டுடியோவில் தூரிகையின் அமைப்பு தானாக மாறுகிறது.

வரையும்போது நீங்கள் செய்த சிறு மாற்றங்கள் அப்படியே தங்கிவிடுவதால் அப்படித் தோன்றும். கருவிப் பண்புகளின் அடியில் உள்ள பொத்தானால் தொடக்க நிலைக்குத் திரும்பலாம். முக்கியமான தூரிகைகளுக்குப் பூட்டுப் போடுங்கள். பேக்கப்புக்கு எஸ்யூடி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

இல்லஸ்ட்ரேட்டரில்?

அங்கே தூரிகைகள் அந்தந்த ஆவணத்தோடு வாழ்கின்றன. புதிய ஆவணத்தில் காணவில்லை என்றால், பழைய ஆவணத்தைத் திறந்து தூரிகை நூலகமாகச் சேமித்து, புதியதில் அழைத்துக்கொள்ளுங்கள்.

அப்டேட்டில் சலித்துப்போய் வேறு மென்பொருளுக்கே மாறுகிறேன். தூரிகைகளை எடுத்துப்போக முடியுமா?

ஏபிஆர் கோப்புகளைப் புரோகிரியேட், கிளிப் ஸ்டுடியோ, கிரிட்டா, ஜிம்ப், அஃபினிட்டி எல்லாம் ஏதோ ஓர் அளவுக்குத் திறக்கின்றன. நுனியின் வடிவம் நன்றாகவே வந்துசேரும். அழுத்தம், சிதறல், இழைநயம் போன்றவை ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் கணக்கிடுபவை என்பதால், அவற்றை நீங்களே மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். ஒரு தூரிகைக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, முதலில் மூன்றே மூன்றை மட்டும் மாதிரித்தாளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். முந்நூறையும் ஒரே நாளில் கொண்டுவர முயன்றால் ஒன்றுமே தேறாது.

எத்தனை தூரிகைகள் வைத்திருக்கலாம்?

பேனலில் முப்பதுக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. மிச்சத்தைக் கோப்புகளாக வெளியே வைத்திருக்கிறேன், வேண்டும்போது ஏற்றுகிறேன். பேனலில் ஆயிரக்கணக்கில் குவித்தால் தேடுவதற்கும் நேரம் ஆகிறது, மென்பொருள் திறப்பதற்கும் நேரம் ஆகிறது. ஒவ்வொரு அப்டேட்டிலும் சரிபார்க்கும் வேலையும் பெருகுகிறது. பேக்கப் கோப்புறையில் மென்பொருளின் பெயர், அதற்குள் பதிப்பு, அதற்குள் ஏற்றுமதிக் கோப்பு என்று அடுக்குங்கள். கூடவே நுனிப் படங்கள், அமைப்புகளின் திரைப்பிடிப்பு, மாதிரித்தாள், வாங்கிய தூரிகைகளின் உரிமக் குறிப்பு.

அப்டேட்டே செய்யாமல் இருந்துவிடலாமா?

ஒரு வேலை பாதியில் இருக்கும்போது செய்யாதீர்கள். அது மட்டும் என் உறுதியான கருத்து. முடிந்தவுடன் செய்யலாம். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் செயலியில் புதிய பதிப்பைப் போடும்போது, பழைய பதிப்புகளை நீக்கவா, முந்தைய அமைப்புகளைக் கொண்டுவரவா என்ற இரண்டு தேர்வுகள் மேம்பட்ட விருப்பங்களுக்குள் இருக்கும். முதலாவதில் உள்ள டிக் குறியை எடுத்துவிடுங்கள், இரண்டாவதில் வைத்திருங்கள். சில வாரங்கள் இரண்டு பதிப்புகளும் அருகருகே இருக்கட்டும்.

எங்கே தேடியும் அந்த ஒரு தூரிகை கிடைக்கவில்லை. திரும்ப உருவாக்க முடியுமா?

அந்தத் தூரிகையால் வரைந்த பழைய ஓவியம் லேயர்களோடு இருந்தால் முடியும். படத்தைப் பெரிதாக்கி, தூரிகை ஒரே ஒரு முறை தொட்டு எடுத்த இடத்தைத் தேடுங்கள். இலைக் கொத்தின் ஓரம், தலைமுடியின் ஒற்றைப் புள்ளி, வேறெதன் மேலும் படியாத ஒரு மைத்துளி. அதைத் தனிக் கோப்பில் வெட்டி ஒட்டி, வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக மாற்றுங்கள். போட்டோஷாப்பின் எடிட் மெனுவில் தூரிகை பிரீசெட்டாக வரையறுக்கும் கட்டளையைக் கொடுத்தால், கறுப்பு முழு அழுத்தமாகவும் சாம்பல் பாதியாகவும் வெள்ளை வெறுமையாகவும் பதியும். நுனி கிடைத்துவிட்டது.

அடுத்து, அதே ஓவியத்தில் ஒரு நீண்ட கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இடைவெளியைச் சரிசெய்யுங்கள். பிறகு அழுத்தத்தைத் தடிமனோடு இணையுங்கள், அதன் பிறகே ஒளிபுகும் தன்மை, கடைசியில் இழைநயம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழைய கோட்டின் மேலேயே ஒரு புதிய லேயரில் இழுத்துப் பாருங்கள். நான் இழந்த ஒரு கரித்தூரிகையை இப்படித்தான் இரண்டு மாலைகளில் திரும்பப் பெற்றேன். எது பழைய கோடு, எது புதியது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போனபோது நிறுத்தினேன். பெயர் கொடுத்தேன், மென்பொருளை மூடுவதற்கு முன்பே ஏற்றுமதி செய்தேன்.